முகம் தெரிந்தால் எனக்குக் கேட்கும்

இந்த இதழில் ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பகுதியில் என்னை எழுதச் சொன்னது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. நான் ஓய்வு பெறவில்லை. வேலையை விட்டேன், அவ்வளவுதான். வயது முப்பத்தொன்று. பிள்ளைக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. ஓய்வு என்ற சொல் காதில் விழுந்தால் என் மாமியார் தொட்டிலைப் பார்த்துச் சிரிப்பார். ஆனாலும் அலுவலகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யா அடிக்கடி போன் செய்து, "அக்கா, நீங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்கிறாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை எழுந்துவிடுகிறது. எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் சொல்வது சரியாக இருக்க வேண்டுமே என்ற கவலையும் கூடவே உட்கார்ந்திருக்கிறது.

சென்ற வாரம் அவள் சொன்ன செய்திதான் என்னை எழுதத் தூண்டியது. கம்பெனியில் புதிதாக ஒரு ஆப் வந்திருக்கிறதாம்.

"இனிமே யாரும் நேர்ல வந்து கஷ்டத்தச் சொல்ல வேணாமாம் அக்கா. போன்ல டைப் பண்ணாப் போதும். 'உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது'ன்னு அதுவே பதில் போட்டுடுது."

"அதுக்குப் புரியுதாமா?"

"எனக்கே புரியல. அதுக்கு எங்க புரியப் போகுது?"

நான் வேலை பார்த்தது சத்தியவேடு பக்கத்துத் தொழிற்பேட்டையில், செல்போனுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைத் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில். திருச்சானூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். வேலை நடக்கும் தளத்தில் தூசி கூடாது. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், கால்வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். கண்கள் மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் பெண்கள். நகரி, புத்தூர், சூளூர்பேட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார்கள்.

திருப்பதியில் சமூகப்பணி படித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் வருகைப்பதிவும் பஸ் சீட்டுத் தகராறும் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு, பேசும் வேலையைக் கொடுத்தார்கள். அடிக்கடி லீவு எடுப்பவர், சண்டை போட்டவர், வேலையை விடுகிறேன் என்பவர் என்று யாரானாலும் கூப்பிட்டுப் பேச வேண்டும். பேசும் வேலை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மேலதிகாரி வசுந்தரா மேடம். சித்தூர்க்காரர். அவருக்கு ஏசியும் மேசையும் உள்ள தனி அறை உண்டு. ஆனால் தொழிலாளர்களோடு பேச அந்த அறையை அவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. உடை மாற்றும் அறைக்கு வெளியே செருப்பு அடுக்கும் ரேக் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு மர பெஞ்ச். அங்கேதான் கூப்பிடுவார்.

"ரூமுக்குள்ள கூப்பிட்டா, வெளிய வரும்போது எல்லார் கண்ணும் அவ முகத்துலதான் இருக்கும். இங்க உட்கார்ந்தா செருப்பு மாட்டறான்னு நெனச்சுக்குவாங்க" என்றார், நான் கேட்டபோது.

எதிரில் உட்கார மாட்டார். பக்கத்தில் உட்காருவார். கையில் பேனா இருக்காது. போனைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். தானும் செருப்பைக் கழற்றிவிடுவார். வந்தவர் பேசுவார், பேசி நிறுத்துவார். மேடம் ரேக்கில் உள்ள செருப்புகளைப் பார்த்தபடி "இங்கா?" என்பார். தெலுங்கில் 'அப்புறம்?' என்று அர்த்தம். அதோடு வாயை மூடிக்கொள்வார். எவ்வளவு நேரமானாலும் சரி.

என்னால் அது முடியாது. பக்கத்தில் ஒருவர் பேசாமல் இருந்தால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். "எனக்கும் அப்படித்தான்" என்று ஆரம்பித்துவிடுவேன். சூளூர்பேட்டையிலிருந்து ஒரு பெண், குழந்தைக்கு ஓயாத இருமல், அதனால் லீவு என்று அழுதபடி வந்தாள். நான் என் அக்கா பிள்ளையின் இழுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கடைசியில் அவள் என் கையைப் பிடித்து, "எல்லாம் சரியாப் போயிடும் மேடம்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். உடை மாற்றும் அறை வாசலில் நின்றிருந்த வசுந்தரா மேடம், "எவரு எவரிக்கி கவுன்சிலிங் சேசாரு?" என்றார். யார் யாருக்குக் கவுன்சிலிங் செய்தது என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

மேடத்தைப் பொறுமையின் வடிவம் என்று சொல்லிவிட முடியாது. கேன்டீன் கான்டிராக்டரை அவர் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விட்டதில்லை. வீட்டுக்காரர் போன் செய்தால், "சரே, பெட்டேயி", சரி வை, என்று துண்டித்துவிடுவார். அந்த பெஞ்சில் மட்டும்தான் அவர் வேறு ஆள்.

இனி கௌரியைப் பற்றிச் சொல்கிறேன். திவ்யா திரும்பத் திரும்பக் கேட்பதும் இவளைப் பற்றித்தான். கௌரி அனுமதித்த பிறகுதான் எழுதுகிறேன், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கௌரி நகரிப் பெண். பூதக்கண்ணாடி வைத்துப் பலகையில் பற்றவைப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அவளுடைய லைன் லீடர் பாஸ்கர், சூளூர்பேட்டைக்காரர். தெலுங்குதான் பேச்சு, தமிழை லைனில் கற்றுக்கொண்டவர். அவள்மீது அவர் கொடுத்த புகார் ஒன்றுதான்.

"கூப்பிட்டா திரும்பறதில்ல மேடம். ஒரு தடவகூட இல்ல. பின்னாடி நின்னு கத்தறேன், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா. மத்த பொண்ணுங்க சிரிக்கறாங்க. லைன்ல எனக்கு என்ன மரியாதை?"

"வேலை எப்படி?"

"வேலையில கண்ணு ஒண்ணாம் நம்பர். அதனாலதான் திமிர்."

எங்கள் நடைமுறை இது. முதலில் வாய்மொழியாக எச்சரிக்கை, அடுத்து எழுத்தில், அதற்கு மேலும் போனால் வேலை இல்லை. ஒவ்வொரு படிக்கும் முன்னால் நான் ஒருமுறை பேச வேண்டும். முதல் இரண்டு முறை பேசியபோது எனக்குக் கௌரியை மிகவும் பிடித்துவிட்டது. பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து, என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். என் கணவர்கூட என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. கேட்டதற்கெல்லாம் அடக்கமாகப் பதில் சொன்னாள். "இந்தக் கம்பெனியிலேயே கவனமாக் கேட்கத் தெரிஞ்சவ அவதான் மேடம்" என்று வசுந்தரா மேடத்திடம் சொன்னேன். "அப்ப பாஸ்கர் பேசினா மட்டும் ஏன் கேக்கல?" என்றார் அவர். பாஸ்கரின் குரலும் தோரணையும்தான் காரணம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

மூன்றாம் முறை. இதற்கு மேல் பேச்சில்லை என்ற நிலை. அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். கேன்டீனிலிருந்து வரும் சாம்பார் தாளிப்பு வாசனை வயிற்றைப் புரட்டியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"வீட்டுல ஏதாவது பிரச்சனையா கௌரி?" என்று கேட்டேன்.

அவள் கண்கள் என் கண்ணுக்கும் கைக்குட்டைக்குமாக அலைந்தன. "சரி மேடம்" என்றாள்.

கைக்குட்டையை எடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். நைனாவுக்கு முட்டி வலி, அவ்ளோதான்" என்று உடனே சொன்னாள். மறுபடி தாளிப்பு வாசனை. மறுபடி வாயைப் பொத்திக்கொண்டேன். "பாஸ்கர் சார் உன்னைத் தனியா ஏதாவது சொன்னாரா?"

"சரி மேடம்."

கையை இறக்கினேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல இந்த முறை என்னிடம் எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, சும்மா இருந்தேன். மாலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் எங்களைத் தாண்டிச் செருப்பை வைத்துவிட்டுப் போனார்கள். கௌரி தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"எங்க ஊட்டு முன்கட்டு பூரா தறிதான் மேடம். பவர்லூம். பொழுது விடிஞ்சா ஓடிக்கினே இருக்கும். வாயப் பாத்துக்கினுதான் பேசுவோம். அம்மா அடுப்பாண்ட நின்னுக்கினு வாய அசைச்சா, நைனா தறியாண்டருந்து பதில் சொல்லும். எங்க ஊட்ல யாருக்குக் கேக்குது, யாருக்குக் கேக்கலன்னு யாருக்கும் தெரியாது."

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"இங்க வந்துதான். மொதல்ல, இந்தக் கம்பெனில எல்லாரும் மெல்லப் பேசுறாங்க போலன்னு நெனச்சேன். அப்பால பாத்தா, அதே ஆளுங்க பஸ்ல பேசினா நல்லா கேக்குது. மாஸ்க் போட்டா கேக்கல. முகம் தெரிஞ்சா எனக்குக் கேக்கும் மேடம்."

"பாஸ்கர் சார்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"திமிர் புடிச்சவன்னு பேரு வந்தா நாலு நாள்ல மறந்துடுவாங்க. செவிடின்னு வந்தா ஆயுசுக்கும் அதான் பேரு. புத்தூர்ல ஒரு எடம் வேற பேசிக்கினு இருக்காங்க. இந்த வேல போச்சுன்னா மறுபடியும் தறி முன்னாடிதான். காது விஷயம் தெரிஞ்சா அந்த எடமும் போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்."

நான் தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டினேனா, கேட்டுக்கொண்டேன் என்று ஆட்டினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அவள் சரி என்றுதான் எடுத்துக்கொண்டாள். சிரித்துவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு வேறு ஒரு நினைப்பு வந்தது. தீ விபத்து மணி. ஒத்திகையின்போது எல்லோரும் எழுந்து ஓடுவதைப் பார்த்து அவளும் ஓடியிருப்பாள். கழிப்பறையில் தனியாக இருக்கும்போது மணி அடித்தால்? சொன்னால் அவள் என்னை நம்பியது வீண். சொல்லாவிட்டால் அவள் உயிரே என் கையில். இரண்டில் எது அவள் பேச்சைக் கேட்டதாக ஆகும்?

மறுநாள் பெயரைச் சொல்லாமல் வசுந்தரா மேடத்திடம் யோசனை கேட்டேன். "ஒருத்திக்குக் காது சரியாக் கேட்கலைன்னு வெச்சுக்கங்க மேடம்..." என்று தொடங்கினேன். "கௌரி கதா?" என்றார் உடனே, கௌரிதானே என்று. உண்மையை ஒளிக்கும் முகம் எனக்கில்லை.

"இன்னிக்கே கம்பெனி டாக்டர்கிட்ட அனுப்பு."

"அவ சொல்ல வேணாம்னு கேட்டிருக்கா மேடம்."

"நீ கேட்டது நல்லது. கேட்டதோட நம்ம வேல முடிஞ்சிடுமா? மணி அடிச்சு அவளுக்குக் கேக்கலன்னா, அப்புறம் யார்கிட்ட போய் 'இங்கா'ன்னு கேப்ப?"

அவர் சொன்னது சரி. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலதிகாரியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். இருந்தும் சொன்னேன். "நாமளே புடிச்சு அனுப்பினா, இனிமே எந்தப் பொண்ணும் அந்த பெஞ்சுல உட்கார்ந்து உண்மையச் சொல்ல மாட்டா மேடம்."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "திங்கக்கிழமை வரைக்கும்" என்றார். அதுவரை அவரே அடிக்கடி தளத்தைச் சுற்றி வந்தார். கௌரி எழுந்து வெளியே போனால் அவரும் பின்னால் போனார். ஏன் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

நான் கௌரியைக் கூப்பிட்டு, மேடம் ஊகித்துவிட்டார் என்பதைச் சொன்னேன். அவள் முகம் சிவந்தது. எழுந்து செருப்பை மாட்டினாள்.

"கம்முனு கேட்டுக்கினு இருந்தீங்களேன்னு நம்பிச் சொன்னேன் பாருங்க. என்னத்தான் சொல்லணும்."

எனக்குள் ஆயிரம் நியாயங்கள் வரிசையாக நின்றன. பெயரைச் சொல்லவில்லை, உன் நல்லதுக்குத்தான், என் இடத்தில் நீ இருந்தால்... எதையும் சொல்லவில்லை. "கோவப்படுறது நியாயம்தான் கௌரி" என்றேன். அவள் போகவில்லை. நின்றாள். அவள் பார்வைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னேன்.

"மணி அடிச்சு உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு. அதனால இதை மறைக்க என்னால முடியாது. ஆனா யாருகிட்டச் சொல்றது, எங்க வெச்சுச் சொல்றது, யார் சொல்றது, எல்லாம் உன் இஷ்டம்."

வெகுநேரம் என் வாயையே பார்த்தாள். இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தாளோ என்னவோ. வரவில்லை என்றதும் சொன்னாள்: "பாஸ்கர் சார்கிட்ட. நானே. பஸ் நிக்கிற எடத்துல."

எனக்குப் பகீரென்றது. ஷிப்ட் முடியும் நேரத்தில் அங்கே எல்லா பஸ்களும் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும். கண்டக்டர் மாதிரி ஆளாளுக்கு ஊர்ப் பெயரைக் கூவுவார்கள். "இங்கயே அமைதியாப் பேசலாமே" என்றேன்.

"வேணாம் மேடம். அங்கதான்."

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பாஸ்கரை அழைத்துப் போனேன். "ஏமிட்டி மேடம், பஸ்ல ஏறி ராஜினாமாவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நகரி பஸ்ஸின் பக்கத்தில் கௌரி நின்றிருந்தாள். மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"ஏமி? வினபடலேது!" என்று பாஸ்கர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, கேட்கவில்லை என்று கத்தினார்.

"நீங்க கத்த வேணாம் சார். எனக்கு நல்லா கேக்குது."

"என்னம்மா சொல்ற? சத்தமாச் சொல்லு!"

அந்த இரைச்சலில் அவருக்கும் எனக்கும்தான் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தறிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவதுபோல, உதட்டை அகல விரித்து நிதானமாகச் சொன்னாள். காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு பையிலிருந்த மாஸ்க்கைக் காட்டினாள். பாஸ்கர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். புரியப் புரிய அவர் கை காதிலிருந்து மெல்ல இறங்கியது.

"இன்னாள்ளு நன்னு பிச்சோணி சேசாவு கதம்மா" என்றார். இத்தனை நாளும் என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிவிட்டாயே என்று. கோபமா வருத்தமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கௌரி தலைகுனியவில்லை. குனிந்தால் அவர் வாய் தெரியாதே.

"அப்ப நான் பின்னாடி நின்னு திட்டினதெல்லாம்?"

"ஒண்ணுகூடக் கேக்கல சார்."

"ஒக்கட்டி கூடா?"

"ஒண்ணுகூட."

"தேவுடா! தொண்ட தண்ணி வத்தினது எனக்குத்தானா!" என்று பாஸ்கர் தலையில் கைவைத்துக்கொண்டார். பஸ்ஸின் ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அவர்களுக்கு முதுகைக் காட்டி நகர்ந்து நின்றுகொண்டு, அவள் முகத்துக்கு நேராக, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. அவள் பதில் சொன்னாள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். அவருடைய மேசை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு இடம் வேண்டும், பக்கத்தில் இருப்பவள் தோளைத் தொட்டால் போதும் என்று சொன்னாளாம். மணி அடித்தால்? "நேனே வஸ்தா" என்றாராம். நானே வருவேன்.

அதன்பிறகு டாக்டரிடம் அவளாகவே போனாள். காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். கழிப்பறை நடையில் மணியோடு சேர்ந்து எரியும் சிவப்பு விளக்கு ஒன்று போட்டார்கள். வாய் தெரியும்படியான கண்ணாடி மாஸ்க்கையும் வரவழைத்துப் பார்த்தார்கள். மூச்சு படிந்து எல்லோர் முகமும் இட்லிப் பானை மூடிபோல ஆகிவிட, அதைக் கைவிட்டார்கள். எச்சரிக்கை ரத்தானது. எங்கள் லைனுக்கு அவள் கண் வேண்டும் என்று பாஸ்கரே சொன்னார். சில வாரங்கள் கழித்து வேறொரு பெண் என்னிடம் புகாரோடு வந்தாள். "பாஸ்கர் சார் இப்பல்லாம் பேசறதுக்கு முன்னாடி மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கறாரு மேடம். பயமா இருக்கு." இதற்கு என்ன நடவடிக்கை எடுப்பது என்று தெரியாமல் நான் வசுந்தரா மேடத்தைப் பார்த்தேன். அவர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

நான் செய்தது சரிதானா, திவ்யா? தெரியாது. பெயரைச் சொல்லாமல் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். ஆனால் அந்த ஆப்பை நினைக்கும்போது ஒன்று தோன்றுகிறது. கௌரி அதில் என்ன டைப் செய்திருப்பாள்? வந்த புதிதில், அவளுக்குத் தெரிந்தவரை அவளிடம் ஒரு குறையும் இல்லை. கம்பெனியில்தான் எல்லோரும் மெல்லப் பேசினார்கள்.

போன வாரம் கௌரி கூப்பிட்டாள். அவள் எப்போதும் வீடியோ காலில்தான் வருவாள். நகரி வீட்டின் முன்கட்டிலிருந்து பேசினாள். பின்னால் தறி ஓடும் சத்தத்தில் என் பிள்ளை விழித்துக்கொண்டான். அவனை மடியில் போட்டுக்கொண்டு, முகம் தெரியும்படி போனைப் பிடித்தேன்.

"புத்தூர் எடத்துல காது விஷயத்தச் சொல்லிட்டேன் மேடம். கல்யாணத்துக்கு அப்பால தெரிஞ்சா தகராறாயிடும்னு நானே சொல்லிட்டேன்."

என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

"மாப்பிள்ளயோட அம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? அவங்க ஊட்லயும் தறிதானே. 'எங்க ஊட்ல மட்டும் யாருக்குக் கேக்குதாம்?'னு கேட்டாங்க. தையில முகூர்த்தம் மேடம்."

நான் சிரித்தேன். பிள்ளை பயந்து என்னைப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். சிரிப்புக்கு நடுவில் அவளுக்கு ஏதோ வாழ்த்தும் சொன்னேன். கௌரி திரையில் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"சிரிச்சு முடிங்க மேடம்" என்றாள். "சிரிச்சா எனக்குக் கேக்காது."